கட்டுவிச்சி சொன்னதும் தோழி சொன்னதும்

கேள்வி: எனக்கு வயது 57. திருச்சிப் பக்கம் சிற்றூர். எங்கள் தெருப் பெண்கள் எட்டுப் பேர் செவ்வாய், வெள்ளியில் ஒரு வீட்டில் கூடி, நம்மாழ்வாரின் திருவாய்மொழியைச் சந்தை சொல்லிக்கொள்கிறோம் (ஒருவர் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்லிக் கற்பது). இப்போது நான்காம் பத்து நடக்கிறது. மூன்று வாரமாக நான் போகவில்லை. காரணம் என் மகன். 29 வயது, புனேயில் வேலை. சிறுவயதில் அவனும் பிரபந்தம் கற்றவன். இன்றும் திருமண் இட்டுக்கொள்ளாமல் வெளியே போக மாட்டான். தீபாவளிக்கு வந்தவன், தனக்குப் பெண்கள்மீது நாட்டமே இல்லை என்றும், மூன்று வருடமாக ஒரு பையனோடு சேர்ந்து வாழ்வதாகவும் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து என் கணவர் அவனோடு பேசுவதில்லை. ஜோதிடர், இது பூர்வ ஜென்ம தோஷம், ஹோமம் செய்து தை பிறந்ததும் கல்யாணத்தை முடித்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார். கோயிலில் கைங்கரியம் செய்யும் உறவினர் ஒருவர், "இப்படிப்பட்டவனைப் பெருமாள் சந்நிதிப் பக்கம் விடாதே" என்றார். இது நம் சம்பிரதாயத்தில் பாவமா? அவன் நாளை பெண்ணாகவே மாறிவிடுவானோ? வைகுண்ட ஏகாதசிக்கு அவனை வரச் சொல்லலாமா, கூடாதா?

— பெயர் வேண்டாம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

சின்னக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் மகன் பெண்ணாக மாறப்போவதில்லை. தான் ஆணா பெண்ணா என்று ஒருவர் தம்மை உள்ளுக்குள் உணர்வது ஒன்று. யார்மீது மனம் போகிறது என்பது வேறொன்று. திருநங்கையரின் நிலை முதல் வகை. உங்கள் மகன் ஆண்தான், அவர் மனம் போனது இன்னோர் ஆணிடம். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்து நாம்தான் குழம்புகிறோம்.

பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு இரண்டு பக்கத்திலிருந்தும் அவசரமான பதில்கள் வரும். ஒரு பக்கம் உங்கள் உறவினர். மறுபக்கம், "நம் மதத்தில் இதற்கெல்லாம் தடையே கிடையாது, எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள். சட்டத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு 1860-இல் ஆங்கிலேயர் எழுதியது. வயது வந்த இருவர் மனமொப்பிச் சேர்வதற்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. ஆனால் சாஸ்திரங்கள் வாயே திறக்கவில்லை என்பது சரியல்ல. மனு தம் தர்ம சாஸ்திரத்தின் பதினோராம் அத்தியாயத்தில் ஆணோடு ஆண் சேர்ந்தால் பிராயச்சித்தம் விதிக்கிறார். என்ன பிராயச்சித்தம்? உடுத்திய துணியோடு ஒரு முழுக்கு. அதே சுலோகத்தில் அதே முழுக்குக்கு ஆளாகிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்: மாட்டு வண்டியில், தண்ணீரில், அல்லது பட்டப்பகலில் பெண்ணோடு கூடியவர்கள். உங்கள் உறவினர் சாஸ்திரத்தைக் கையில் எடுத்தால் பகல் கணக்கையும் சேர்த்தே கேளுங்கள். ஊரில் பாதிப் பேர் காவிரிக்கரையில் நிற்க வேண்டியிருக்கும். இதே மனு, கன்னிப்பெண்ணைத் தீண்டிய பெண்ணுக்குக் கடுமையான தண்டனை சொல்கிறார் என்பதையும் மறைக்க மாட்டேன். பழைய நூல்களில் மெத்தனமும் உண்டு, கொடுமையும் உண்டு. வேண்டியதை மட்டும் கிள்ளியெடுத்து வீசுவது இரு தரப்புக்குமே பழக்கமாகிவிட்டது.

நீங்கள் மனுவைச் சேவிக்கிறவர் அல்ல, ஆழ்வாரைச் சேவிக்கிறவர். எனவே அங்கே போவோம்.

திருவாய்மொழியின் நூறு பதிகங்களில் 27 பெண் பேச்சு என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மகளாகப் பதினேழு, தாயாக ஏழு, தோழியாக மூன்று. பாடும்போது நம்மாழ்வார் பராங்குச நாயகி என்ற பெண் ஆகிறார், திருமங்கையாழ்வார் பரகால நாயகி ஆகிறார். "ஞானத்தில் தம் பேச்சு, பிரேமத்தில் பெண் பேச்சு" என்று ஆசார்ய ஹ்ருதயம் என்ற வைணவ நூல் இதற்கு இலக்கணமே வகுத்துவிட்டது. பெருமாள் மட்டும் என்ன? திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய பகல்பத்து விழாவின் பத்தாம் நாள் உற்சவர் நம்பெருமாள் மோகினி அலங்காரத்தில் எழுந்தருள்வதை நீங்கள் எத்தனையோ முறை சேவித்திருப்பீர்கள். நான் ஒருமுறை கூட்டத்தில் நசுங்கி நின்றபோது, முன்னால் நின்ற மீசைக்காரப் பெரியவர் ஒருவர் தோளிலிருந்த பேரனிடம், "பாரடா, பெருமாளுக்கு எவ்வளவு நாணம்!" என்று காட்டினார். குழந்தை, "பெருமாள் பெண்ணா?" என்றது. "இன்றைக்கு அப்படித்தான்" என்றார் தாத்தா. அதற்குமேல் விளக்கம் தேவை என்று இருவருக்குமே தோன்றவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்லிவிட வேண்டும். தம்மைப் பெண்ணாக பாவித்துப் பாடும் இந்த நாயகி பாவத்தைக் காட்டி, "பார்த்தீர்களா, ஆழ்வாரே தன்பால் ஈர்ப்பைப் பாடியிருக்கிறார்" என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆழ்வார் பெண்ணாகித்தான் பெருமானைக் காதலிக்கிறார்; தலைவன், தலைவி என்ற பழைய அகத்திணைச் சட்டகம் அப்படியே இருக்கிறது. அந்தப் பாசுரங்கள் உங்கள் மகனின் வாழ்க்கைக்குச் சான்றிதழ் தரவில்லை. அவை தருவது வேறு. அன்பு பெருகும்போது ஆண் என்ற உடம்பு அதற்கு வேலி அல்ல என்று ஏற்றுக்கொண்ட ஒரு மரபில் நீங்களும் உங்கள் மகனும் வளர்ந்திருக்கிறீர்கள். ஆணின் வாயிலிருந்து பெண்ணின் ஏக்கம் வந்தபோது யாரும் கைகொட்டிச் சிரிக்கவில்லை, மனப்பாடம் செய்தார்கள்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் சித்திரை மாதம் கூத்தாண்டவர் என்ற அரவானுக்குத் திருநங்கையர் தாலி கட்டிக்கொள்வது எல்லோருக்கும் தெரியும். பத்திரிகைப் படங்களில் விழாதது ஒன்று உண்டு: சுற்றுவட்டார ஊர்களின் ஆண்களும் வேண்டுதலாக அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள், மறுநாள் அறுத்துக்கொள்கிறார்கள். வீட்டில் மனைவி மக்கள் உள்ளவர்கள்தான். பக்திக்குள் இவ்வளவு இடம் கொடுக்கத் தெரிந்த நமக்கு, வீட்டுக் கூடத்தில்தான் இடம் போதாமல் போகிறது.

அடுத்து உங்கள் ஜோதிடர். பூர்வ ஜென்மத்தை அவர்தான் இழுத்தார், ஆகவே நானும் இழுக்கிறேன். கணித மேதை சகுந்தலா தேவி 1977-இல் தன்பால் ஈர்ப்பு உள்ளவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அதில் திருவரங்கம் கோயில் அர்ச்சகரும் வடமொழி அறிஞருமான சீனிவாச ராகவாச்சாரியாரிடம் இதைப் பற்றிக் கேட்டிருக்கிறார். இவர்கள் முற்பிறவியில் ஆணும் பெண்ணுமாகக் காதலித்தவர்களாக இருக்க வேண்டும், இப்பிறவியில் உடலின் பால் மாறிவிட்டாலும் ஆன்மா மாறவில்லை, பழைய அன்பு இருவரையும் இழுக்கிறது என்பது அவர் சொன்னதன் சாரம். நீதிமன்றமோ ஊடகமோ இதைப் பேசத் துணியாத காலம் அது. பூர்வ ஜென்மத்தை நானும் பார்த்ததில்லை, உங்கள் ஜோதிடரும் பார்த்ததில்லை. ஒரே பூர்வ ஜென்மத்திலிருந்து ஒருவர் தோஷத்தை எடுக்கிறார், ஒருவர் தொடர்ந்துவரும் அன்பை எடுக்கிறார். பின்னவர் அதற்கு ஹோமச் செலவு கேட்கவில்லை.

இங்கேதான் உங்கள் சந்தையில் நடக்கும் நான்காம் பத்தை நினைத்துக்கொண்டேன். அதன் ஆறாம் திருவாய்மொழி, அதாவது ஆறாம் பதிகம், "தீர்ப்பாரை யாமினி". பெண் மெலிந்து கிடக்கிறாள். தாய்மார் கலங்கிப்போய்க் குறி சொல்லும் பெண்ணான கட்டுவிச்சியிடம் குறி கேட்கிறார்கள். அவள் ஏதோ ஒரு தெய்வத்தின் குற்றம் என்கிறாள். உடனே தெய்வமேறி ஆடும் வெறியாட்டு, கள், இறைச்சி என்று வீடு அமளிப்படுகிறது. அப்போது தோழி குறுக்கே வந்து நிற்கிறாள். "இக்கட்டுவிச்சி சொற்கொண்டு" எதையாவது செய்து வைக்காதீர்கள் அன்னைமீர் என்கிறாள். அவள் நோய்க்கு வைக்கும் பெயரைக் கவனியுங்கள்: "நல் நோய்". பெண் யார்மீது மனம் வைத்தாள் என்று தெரியாமல் மருந்து தேடுகிறார்களே என்பதுதான் தோழியின் ஆதங்கம். அந்தப் பெண்ணின் காதல் பெருமாள்மீது, உங்கள் மகனின் காதல் புனேயில் ஒரு பையன்மீது. இரண்டும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. ஆனால் காதலை நோய் என்று தவறாகக் கண்டு, தவறான ஆளைக் கூப்பிட்டு, தவறான பரிகாரத்துக்குப் பணம் எடுத்துவைக்கும் அன்னைமீர் இன்னும் இருக்கிறார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் அந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

ஹோமம் வேண்டாம். மருத்துவரிடம் கூட்டிப்போய் "மாற்றித் தாருங்கள்" என்று கேட்கவும் வேண்டாம். அப்படி மாற்ற முயல்வதே தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்துவிட்டது. தைக் கல்யாணத்தைப் பற்றி மட்டும் கடுமையாகச் சொல்வேன்: அது இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கை. உங்கள் மனம் ஆறுவதற்கு அவள் பரிகாரப் பொருள் அல்ல. "உங்கள் மகனுக்கு நாட்டமில்லை என்று தெரிந்துதான் செய்தீர்களா?" என்று அவள் ஒருநாள் கேட்டால், உங்களிடம் பதில் இருக்காது.

உறவினர் சொன்னதற்கு, மூன்றாம் பத்தில் நீங்கள் கடந்துவந்த "பயிலும் சுடரொளி" போதும். எம்பெருமானிடம் ஈடுபட்டவர்கள் "எவரேலும்" அவர்களே எம்மை ஆள்பவர்கள் என்கிறார் ஆழ்வார். அவர் அங்கே மனத்தில் வைத்தது சாதியைத்தான், இதை அல்ல. ஆனாலும் "எவரேலும்" என்ற சொல்லுக்கு அடியில் ஒரு பட்டியல் எழுதி, இன்னார் நீங்கலாக என்று கையெழுத்துப் போடும் அதிகாரம் உங்கள் உறவினருக்கு யார் கொடுத்தது? திருமண் இட்டுப் பாசுரம் சொல்லத் தெரிந்த ஒருவர் தாராளமாக வரிசையில் நின்று சேவித்துவிட்டுப் போகலாம்.

உங்கள் கணவரை இப்போது நெருக்காதீர்கள். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், ஒன்றாக வாழ விரும்பிய இரு பெண்களின் வழக்கு வந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் தமக்கே தெளிவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியல் ஆலோசகரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ஆணை எழுதினார். நீதிபதிக்கே அவகாசம் தேவைப்பட்டது. உங்கள் கணவரும் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் அதற்காக நீங்களும் மகனோடு பேசாமல் இருந்துவிடாதீர்கள். தெருவில் யாருக்குச் சொல்வது, சொல்லாமல் விடுவது என்பதை மகனைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அது அவருடைய செய்தி.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் "ஒரு பையன்" என்று ஒருமுறை வருகிறது, அத்தோடு சரி. அவர் பெயரை மகனிடம் நீங்கள் கேட்கவே இல்லை என்று நினைக்கிறேன். இந்த வாரம் போன் செய்து கேளுங்கள். ஏகாதசிக்கு இருவருமாக வருவதாக இருந்தால், மறுநாள் விரதம் முடிக்கும் பாரணைக்கு உங்கள் வீட்டில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும்தான் இருக்கும், வெங்காயம், பூண்டு கிடையாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போங்கள். ஆறாம் திருவாய்மொழி இன்னும் வந்திருக்காது என்று நம்புகிறேன்.