அமைச்சரிடம் காசுக் கணக்கு கேட்பது எப்படி? வந்த கேள்விகளும் என் பதில்களும்

இலங்கைப் பாராளுமன்றத்தில் அமைச்சர்களிடம் செலவுக் கணக்கு கேட்கும் முறை பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நான் அரச கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவன். அமைச்சருக்குப் பதில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அரச கணக்குகளை ஆராயும் பாராளுமன்றத்தின் கோபா குழுவுக்கு முன்னால் கோப்புகளோடு போய் உட்கார்ந்தும் இருக்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஓர் ஆசிரியை: ஐயா, யூடியூப்பில் சபை நடவடிக்கை பார்த்தால் எம்.பி. கேள்வியின் இலக்கத்தை மட்டும் சொல்கிறார். அமைச்சரோ "பதிலைச் சபாபீடத்தில் சமர்ப்பிக்கிறேன்" என்கிறார். பார்க்கிற எங்களுக்கு ஒன்றும் விளங்குவதில்லை. இதனால் என்ன பயன்?

கேள்வி அன்றைய ஒழுங்குப் பத்திரத்தில், அதாவது சபையின் நிகழ்ச்சி நிரலில், ஏற்கனவே அச்சாகியிருக்கும், அதனால்தான் இலக்கம் மட்டும் போதும். சமர்ப்பித்த பதில் ஹன்சாட்டில், அதாவது சபை நடவடிக்கைகளின் அச்சுப் பதிவில், வரும். ஆகவே அது காணாமல் போவதில்லை. ஆனால் உங்கள் ஆதங்கம் நியாயமானது. அமைச்சர் பதிலை வாசித்தால்தான் எம்.பி. அதைக் கேட்டு உடனே மேலதிகக் கேள்வி போட முடியும். கையில் பத்துப் பக்க அட்டவணையைக் கொடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன கேட்பது?

இதைவிட மோசமானது "பதிலளிக்க ஒரு மாத அவகாசம் கோருகிறேன்" என்பது. சில நேரம் உண்மையிலேயே மாவட்டச் செயலகங்களிலிருந்து தரவு வந்திருக்காது. ஆனால் ஒரே கேள்விக்கு இரண்டாம் தடவையும் அவகாசம் கேட்டால் அங்கே ஏதோ இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

ஹன்சாட்டில் கேள்விகளின் அமைப்பையும் கவனியுங்கள். "அவர் அறிவாரா?", "இச்சபைக்கு அறிவிப்பாரா?", கடைசியில் "இன்றேல், ஏன்?" என்று வரும். பலர் இந்தக் கடைசி வரியைச் சடங்காக நினைக்கிறார்கள். "தகவல் இல்லை" என்று எழுதி முடிக்க நினைக்கும் அதிகாரி, ஏன் இல்லை என்றும் எழுத வேண்டி வருவது இந்த வரியால்தான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வணிகப் பிரிவு மாணவன்: சேர், அமைச்சர் தப்பிக்க முடியாத கேள்வி என்று ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது தம்பி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

"எவ்வளவு ஒதுக்கினீர்கள்?" என்று கேட்டால் எந்த அமைச்சரும் சந்தோஷமாகப் பதில் சொல்வார். ஒதுக்கீடு பெரிய தொகையாக இருக்கும், அடுத்த நாள் தலைப்புச் செய்தியாகவும் வரும். ஆனால் ஒரே வேலைக்கு அரச கணக்கில் மூன்று தொகைகள் உண்டு. வரவு செலவுத் திட்டத்தில் எழுதியது ஒன்று. திறைசேரி உண்மையில் கையில் கொடுத்த காசு இன்னொன்று, அலுவலகங்களில் அதைக் கட்டுநிதி என்போம். வவுச்சர் போட்டுச் செலவாக முடிந்தது மூன்றாவது.

ஒரு பாடசாலைக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம் (தொகைகள் உதாரணத்துக்கு மட்டும்). ஒதுக்கீடு 10 கோடி ரூபா. செப்டெம்பர் முடிய திறைசேரி கொடுத்தது 2 கோடி. ஒப்பந்தக்காரர் 4 கோடிக்கு வேலை செய்துவிட்டார். மிச்சம் 2 கோடிக்கு பில் அப்படியே கிடக்கிறது, அவரும் வேலையை நிறுத்திவிட்டார். இப்போது அமைச்சர் சபையில் எழுந்து "10 கோடி ஒதுக்கியுள்ளோம், வேலைகள் ஆரம்பமாகிவிட்டன" என்றால் அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பிள்ளைகள் மட்டும் தகரக் கொட்டகையில் படிப்பார்கள். அடுத்த ஆண்டு ஒதுக்கும் காசில் முதல் 2 கோடி பழைய பில்லுக்குப் போய்விடும். புது ஒதுக்கீட்டைக் கேட்டு ஊர் கைதட்டும்.

அதனால் கேள்வி இப்படி இருக்க வேண்டும்: செப்டெம்பர் 30 ஆம் திகதி வரை இந்த வேலைக்கு ஒதுக்கியது எவ்வளவு, திறைசேரி விடுவித்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு, கொடுக்காமல் இருக்கும் பில்கள் எவ்வளவு? திகதி முக்கியம். திகதி போடாத கேள்விக்கு வசதியான திகதியின் கணக்குதான் வரும். வேலையின் பெயரும் முக்கியம். "வட மாகாண அபிவிருத்திக்கு எவ்வளவு?" என்றால் எல்லாவற்றையும் கூட்டி ஒரு பெரிய தொகை தருவார்கள். ஒரு வீதி, ஒரு ஆஸ்பத்திரி வாட்டு, ஒரு குளம் என்று கேட்டால் மறைக்க இடமில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். நமது நிதியாண்டு டிசெம்பர் 31 இல் முடிகிறது. செலவாகாத ஒதுக்கீடு அதோடு போய்விடும். அதனால் டிசெம்பரில் தளபாடம், செயலமர்வு என்று அவசரச் செலவு நடக்கும். மாதவாரியாகச் செலவைக் கேட்டால் அது பளிச்சென்று தெரியும். இதை மாதவாரியாகக் கேட்கும் எம்.பி. மிகக் குறைவு. எனக்கு அது பெரிய கவலை.

ஹட்டனைச் சேர்ந்த, புறக்கோட்டையில் வேலை செய்யும் ஒருவர்: அண்ணே, தோட்டத் தொழிலாளருக்கு அரசாங்கம் 200 ரூபா கொடுப்பதாகச் சொன்னார்களே. அம்மா இன்னும் மலையில்தான் கொழுந்து எடுக்கிறார். அந்தக் காசைப் பற்றி எங்கள் எம்.பி. என்ன கேட்க வேண்டும்?

2025 நவம்பர் 7 இல் சமர்ப்பித்த 2026 வரவு செலவுத் திட்டத்தில் இது வந்தது. கம்பனிகள் நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ஆக்க வேண்டும், அரசாங்கம் வருகைக் கொடுப்பனவாக 200 ரூபா சேர்க்கும், மொத்தம் 1,750. அரசின் பங்குக்கு 5,000 மில்லியன் ரூபா ஒதுக்குவதாகவும் சொன்னார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் மாதம் 25 நாள் வேலைக்குப் போனால் அவருக்கு 5,000 ரூபா, வருடத்துக்கு 60,000. 5,000 மில்லியனை அதால் பிரித்தால் ஏறக்குறைய 83,000 பேர். அதற்கு மேல் ஆட்கள் இருந்தால், அல்லது எல்லோரும் 25 நாள் போக மாட்டார்கள் என்று வைத்திருந்தால், அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். ஆகவே எம்.பி. கேட்க வேண்டியவை: எத்தனை தொழிலாளரை வைத்துக் கணக்கிட்டீர்கள்? மாதத்துக்கு எத்தனை நாள் வருகை? கம்பனி நிர்வாகம் வேலை நாளைக் குறைத்தால் தொழிலாளி இந்த 200 ரூபாவையும் இழப்பாரா? சிறு தோட்டங்களில் வேலை செய்வோர் சேர்ப்பா? தோட்டவாரியாக, மாதவாரியாக எவ்வளவு போனது? அம்மாவின் சம்பளச் சீட்டில் அந்த வரி தனியாக வருகிறதா என்று நீங்களும் பாருங்கள். அந்தச் சீட்டு எம்.பி.யின் கையில் இருந்தால் நூறு உரையைவிடப் பெறுமதி.

தெமட்டகொடையிலிருந்து: கோப், கோபா என்று செய்தியில் வருகிறதே, அங்கே அமைச்சரையா விசாரிக்கிறார்கள்?

இல்லை. கோபா அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு, 1921 இலிருந்து இருக்கிறது. கோப் அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு, 1979 இல் வந்தது. முதலாவது அமைச்சுகளையும் திணைக்களங்களையும் பார்க்கும், இரண்டாவது கூட்டுத்தாபனங்கள், சபைகள் போன்றவற்றை. அங்கே வந்து பதில் சொல்வது அமைச்சின் செயலாளரும் நிறுவனத் தலைவர்களும். சட்டப்படி செயலாளர்தான் பிரதம கணக்கீட்டு உத்தியோகத்தர், காசுக்குக் கையெழுத்துப் போடுபவர். "ஏன் இந்தக் கொள்கை?" என்பதை அமைச்சரிடம் சபையில் கேட்க வேண்டும். "ஏன் இந்த வவுச்சர்?" என்பதைச் செயலாளரிடம் குழுவில் கேட்க வேண்டும். இடம் மாறிக் கேட்டால் இரண்டு பேரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள்.

அதே கேள்வியோடு இன்னொருவர்: விசாரித்து என்ன, ஒருவரும் உள்ளே போவதில்லையே?

இந்தக் குழுக்கள் நீதிமன்றம் அல்ல, தண்டிக்க அதிகாரம் கிடையாது. அறிக்கை கொடுப்பார்கள். சம்பந்தப்பட்ட அமைச்சர் எட்டு வாரத்துக்குள் அதற்குப் பதில் தர வேண்டும் என்று பாராளுமன்றத்தின் நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளை சொல்கிறது.

ஆனாலும் பயனில்லை என்று சொல்ல என் மனம் ஒப்பாது. பெரும் சர்ச்சையான 2015 பெப்ரவரி 27 மத்திய வங்கி முறி (அரச கடன் பத்திரம்) விற்பனையை நினைத்துப் பாருங்கள். கணக்காய்வாளர் நாயகம் அதை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். சுனில் ஹந்துன்னெத்தி தலைமையிலான கோப் குழு 2016 ஒக்டோபரில் தன் அறிக்கையை முன்வைத்தது. 2017 இல் ஜனாதிபதி ஆணைக்குழு வந்தது. அங்கே வெளிவந்த சாட்சியங்களுக்குப் பிறகு, முறி விற்பனைக் காலத்தில் நிதி அமைச்சராக இருந்த ரவி கருணாநாயக்க, அப்போது வகித்த வெளிவிவகார அமைச்சர் பதவியை அந்த ஆகஸ்டில் துறந்தார். கணக்காய்வில் தொடங்கிய கேள்வி அவ்வளவு தூரம் போனது. அதற்குப் பிறகான வழக்குகளின் வேகம் எனக்கும் வேதனைதான். அது பாராளுமன்றத்தின் குறையில்லை.

பம்பலப்பிட்டியிலிருந்து: வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தில் எதிர்க்கட்சி "பத்து ரூபாவைக் குறைக்க வேண்டும்" என்று பிரேரிக்கிறதே, ஏன்?

மரபு. அமைச்சின் செலவில் 10 ரூபாவைக் குறைக்கப் பிரேரித்து, அதை வைத்து அந்த அமைச்சின் முழு வேலையையும் விவாதிப்பார்கள். காசு குறையாது. அன்று அமைச்சர் நாள் முழுக்கச் சபையில் இருந்து கேட்டுப் பதில் சொல்ல வேண்டும், அதுதான் லாபம்.

ஒரு வங்கி உத்தியோகத்தர்: செலவைப் பற்றியே பேசுகிறோம். வரியைக் குறைப்பதும் செலவுதானே?

சரியாகப் பிடித்தீர்கள். இதுதான் கண்ணில் படாத பக்கம். 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனிக்கான விசேட வியாபாரப் பண்ட வரியைக் கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைத்தார்கள். ஒரு வர்த்தமானி அறிவித்தல், அவ்வளவுதான். 2007 ஆம் ஆண்டுச் சட்டப்படி அது வெளியான உடனே அமுலுக்கு வரும், பாராளுமன்றத்தின் அங்கீகாரத்துக்கு அதன் பிறகுதான் வரும். கடையில் சீனி விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. அரசு இழந்த வருமானம் 15 பில்லியன் ரூபாவுக்கு மேல் என்று பின்னர் அரசாங்க நிதி பற்றிய குழுவில் பேசப்பட்டது. யாருக்காவது 15 பில்லியன் செலவழிக்க வேண்டுமென்றால் சபையில் வாக்கெடுப்பு வேண்டும். விட்டுக்கொடுக்க ஒரு கையெழுத்துப் போதுமாக இருந்தது. அரசியலமைப்பின் 148 ஆம் உறுப்புரை அரச நிதியின் முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கு என்கிறது. இப்படியான வர்த்தமானிகள் விவாதமில்லாமல் நிறைவேறும் ஒவ்வொரு தடவையும் அந்த உறுப்புரை கொஞ்சம் தேய்கிறது என்றே நினைக்கிறேன்.

மட்டக்குளியிலிருந்து: இப்போது அரசாங்கத்துக்கு 225 இல் 159 ஆசனம். கேள்வி கேட்டு என்ன ஆகப் போகிறது?

வாக்கெடுப்பில் ஒன்றும் ஆகாது. கேள்விக்குப் பெரும்பான்மை தேவையில்லையே, ஒரு எம்.பி. போதும். அரசாங்க நிதி பற்றிய குழுவின் தலைமை எதிர்க்கட்சிக்குத் தரப்படுகிறது. எதிர்க்கட்சி எம்.பி. ஹர்ஷ டி சில்வா அங்கே அதிகாரிகளிடம் கேட்பதைப் பாருங்கள், சபைச் சத்தத்தில் கிடைக்காத தகவல் அங்கே கிடைக்கும். எனக்கு உண்மையில் எதிர்பார்ப்பு ஆளுங்கட்சியின் பின்வரிசையில்தான். தன் அமைச்சரிடமே கஷ்டமான கேள்வி கேட்கும் பழக்கம் அங்கே வளர வேண்டும்.

நிதி அமைச்சர் ஜனாதிபதி என்றால் யாரிடம் கேட்பது?

பெரும்பாலும் பிரதி அமைச்சர் பதில் சொல்வார். என் அபிப்பிராயம், நிதி அமைச்சர் தினமும் சபையில் உட்காரும் ஒரு எம்.பி.யாக இருக்க வேண்டும். யார் ஜனாதிபதியாக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

வவுனியாவிலிருந்து வந்து கொழும்பில் படிக்கும் மாணவி: தமிழில் கேட்டால் கவனிப்பார்களா, ஐயா?

அது உரிமை, மகள். அரசியலமைப்பின் 20 ஆம் உறுப்புரை தேசிய மொழிகளில் எதிலும் கடமையாற்றலாம் என்கிறது. சபையில் உடனடி மொழிபெயர்ப்பு உண்டு, ஹன்சாட்டிலும் தமிழ் உரை தமிழிலேயே அச்சாகும். பதில் சிங்களத்தில் வந்தால் எண்களைக் கவனமாகச் சரிபார்க்க வேண்டும். மில்லியனும் பில்லியனும் மாறி எழுதப்பட்ட மொழிபெயர்ப்புகளை நான் கண்டிருக்கிறேன்.

பலர் கேட்டது: நாங்கள் சாதாரண ஆட்கள். ஒரு கேள்வியை அங்கே கொண்டுபோக வழி உண்டா?

உண்டு. முதலில் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நீங்களே கேளுங்கள். அந்த அலுவலகத்தின் தகவல் அதிகாரிக்குத் தமிழில் எழுதினால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடமும், அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

கிடைத்த பதிலை எடுத்துக்கொண்டு உங்கள் மாவட்ட எம்.பி.யிடம் போங்கள். "இதைப் பற்றிக் கேளுங்கள்" என்று வாயால் சொன்னால் மறந்துபோவார். வேலையின் பெயர், திகதி, நான்கு தொகைகள், சந்தேகம் எங்கே என்று அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அவர் கட்சி பார்க்காதீர்கள். கேள்வி ஒழுங்குப் பத்திரத்தில் வந்ததா என்று பாராளுமன்ற இணையத்தளத்தில் பாருங்கள், வராவிட்டால் மறுபடி போய்க் கேளுங்கள். தனிப்பட்ட அநீதி என்றால் எம்.பி. மூலம் பொதுமனுக் குழுவுக்கு மனுவும் கொடுக்கலாம்.

எழுதிய கேள்வியை முன்கூட்டிப் பார்த்துத் தர வேண்டுமென்றால் எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.