பொருத்தம் சரியில்லாத பிளாஸ்டிக் விமான மாதிரியைக் கட்டி முடிக்க முடியுமா? இடைவெளிகளைப் பட்டி வைத்தே நிரப்பிவிடலாமா?

கட்டாயம் முடியும், ஆனால் பட்டியைக் கடைசியாகத்தான் கையில் எடுக்க வேண்டும். உங்களிடம் இருப்பது 1/72 அளவில் இரண்டாம் உலகப் போர்க் காலப் பிரிட்டிஷ் போர் விமானமான ஹரிக்கேனின் ஒரு பழைய மாதிரி என்றும், இறக்கை உடலோடு சேரும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி தெரிகிறது என்றும், உடற்பகுதியின் இரு பாதிகளும் நீளத்தில் ஒத்துவரவில்லை என்றும், விமானி அறையின் கண்ணாடிக் கூடு அமர மறுக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது உண்மையான விமானத்தில் 72 மில்லிமீட்டர், அதாவது கை நுழையும் பிளவு. அதை வெளியிலிருந்து பட்டியால் மூடினால் பிளவு மறையும். ஆனால் அதைத் தேய்த்துச் சமமாக்கும்போது சுற்றியுள்ள தகட்டு வரிகளும் (விமானத்தின் தகடுகள் சேரும் இடங்களைக் காட்டும் கோடுகள்) வளைவுகளும் சேர்ந்தே அழிந்துபோகும். பட்டி கெட்டதல்ல. பிளாஸ்டிக்கைப் பிளாஸ்டிக்கோடு நெருங்க வைக்க எல்லா வழிகளையும் பார்த்த பிறகு எஞ்சும் மயிரிழைக்கு மட்டும் அது போதுமானது.

நான் யங்கோனில் வசிக்கிறேன். நான் கட்டிய மாதிரிப் பெட்டிகளில் மிகவும் பாடுபடுத்தியது 1/72 அளவிலான ஒரு பிரூஸ்டர் பஃபலோ போர் விமானம். பிரிட்டிஷ் விமானப்படையின் 67ஆவது படையணி 1941ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இந்த விமானங்களோடுதான் இந்நகரத்தின் மிங்கலடான் விமானத் தளத்தில் இருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 23 அன்றும் 25 அன்றும் ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் (இன்றைய யங்கோன்) மீது குண்டு வீசியபோது, அமெரிக்கத் தன்னார்வப் படையின் பி-40 விமானங்களோடு சேர்ந்து அவற்றை எதிர்த்து எழுந்தவை இவையே. அந்தக் குண்டுவீச்சும் அதற்குப் பின் எங்கள் மக்கள் இந்தியாவை நோக்கிக் கால்நடையாகக் கிளம்பியதும் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் இன்றும் பேசப்படுகின்றன. எனவே அந்த நாட்களில் இந்த நகரத்தின் வானில் பறந்த விமானம் ஒன்று என் மேசையில் இருக்க வேண்டும் என்று விரும்பினேன். உங்கள் ஹரிக்கேனும் 1942 ஜனவரியில் மிங்கலடானுக்கு வந்து சேர்ந்த விமானம் என்பதால் உங்கள் கேள்விக்கு விரிவாகவே பதில் எழுதத் தோன்றியது.

பொருத்தம் ஏன் கெடுகிறது என்பதை அறிந்தால் எங்கே கை வைப்பது என்பது தெரியும். சிறு எண்ணிக்கையில் வார்ப்பவர்கள் செலவு குறைந்த அச்சுகளையும் குறைந்த அழுத்தத்தையும் பயன்படுத்துகிறார்கள். அதனால் விளிம்புகள் தடித்தும், பாகங்களை வழிநடத்தும் முளைகளும் துளைகளும் இல்லாமலும் வருகின்றன. என் பஃபலோ அந்த வகை. பல பத்தாண்டுகளாக வார்த்துத் தேய்ந்த பழைய அச்சுகளில் வேறு சிக்கல்: அச்சின் இரு பாதிகளும் சற்றே விலகி நிற்க, அவற்றுக்கு இடையே பிளாஸ்டிக் பிதுங்கி ஓரங்களில் மெல்லிய ஏடாக ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் காட்டும் இடைவெளியில் ஒரு பகுதி இந்த ஏட்டினாலும், பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பாகத்தை வெட்டிய இடத்தில் எஞ்சிய முண்டினாலும் ஏற்பட்டதாகவே இருக்கக்கூடும். ஆகவே ஒவ்வொரு ஓரத்தையும் கத்தி முனையால் சுரண்டி, கண்ணாடித் துண்டின்மேல் விரித்த 400 எண் உப்புத்தாளில் சேரும் முகங்களைத் தேய்த்துச் சமமாக்குங்கள். இதைச் செய்யாமல் எடுக்கும் எந்த அளவும் பொய் அளவு. வளைந்துபோன பாகம் இருந்தால், கொதித்து இறக்கிச் சற்று ஆறிய நீரில் சிறிது நேரம் வைத்து, விரலால் நேராக்கிக் குளிர்ந்த நீரில் பிடியுங்கள். கொதிக்கும் நீரிலேயே விட்டுவைத்தால் மெல்லிய பாகம் உருவத்தையே இழந்துவிடும்.

இப்போது என் பதிலின் மையமான செய்திக்கு வருகிறேன். மோசமான பெட்டியில் உள்ள பிழையை முழுவதுமாக ஒழிக்க முடியாது. ஆனால் அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யலாம். உடலின் ஒரு பாதி மற்றதைவிட நீளம் என்றால், மூக்கு, விமானி அறை, இறக்கை அடி, வால் ஆகிய நான்கும் ஒரே வேளையில் ஒத்துவரப் போவதில்லை. எந்த இரண்டு இடங்கள் கட்டாயம் ஒத்திருக்க வேண்டும் என்று முதலில் தேர்ந்துகொள்ள வேண்டும். என் தேர்வு எப்போதும் விமானி அறையின் விளிம்பும் இறக்கை அடியுமே, ஏனெனில் கண்ணாடிக் கூடும் இறக்கையும் அவற்றின்மேல்தான் அமர வேண்டும். மிச்சமாகும் நீளத்தை வாலின் கோடிக்கோ அடிவயிற்றுக்கோ தள்ளிவிட்டால், அங்கே இரண்டு முறை உப்புத்தாளை ஓட்டினால் தீர்ந்துவிடும். தகட்டு வரிகளும் முறுக்காணித் தலைகளும் நிறைந்த இடத்தில் பிழையை விட்டுவைத்தால், அதைச் சரிசெய்ய மாலைகள் பல கழிந்துபோகும்.

இதற்காகவே பசை தொடுவதற்கு முன் முழு விமானத்தையும் ஒட்டு நாடாவால் கட்டிப் பார்க்க வேண்டும். உள்ளறைத் தொட்டி (விமானி அறையின் உட்பகுதியாக உடலுக்குள் பொருத்தும் பாகம்), கருவிப் பலகை, இறக்கை, கண்ணாடிக் கூடு எல்லாம் சேர்ந்தே இந்தச் சோதனையில் இடம்பெற வேண்டும், ஏனெனில் ஒன்றின் குறை மற்றொன்றில்தான் வெளிப்படும். என் பஃபலோவில் உடலின் மேல்முதுகு மூடாமல் நின்றதற்கு உடல் காரணமல்ல. பிசினில் வார்த்த உள்ளறைத் தொட்டி அகலமாக இருந்து இரு பாதிகளையும் உள்ளிருந்து விலக்கிக்கொண்டிருந்தது. தொட்டியின் பக்கச் சுவர்களையும் உடலின் உட்சுவரையும் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலியத் தேய்த்தபின் முதுகு தானாக மூடியது. பிசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. நீரில் நனைத்துத் தேய்ப்பதும் முகக்கவசம் அணிவதும் அவசியம். இங்கே மின்சாரம் அடிக்கடி போகும் என்பதால் கைவிளக்கு எப்போதும் அருகில் இருக்கும். அதை உடலுக்குள் நுழைத்து வெளியே ஒளி கசியும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொள்வது எந்த அளவுகோலையும்விட நல்ல சோதனை.

உடலை ஒட்டும்போது ஒரே மூச்சில் முழுவதையும் ஒட்டிவிடாதீர்கள். முளைகள் இல்லாத பாதிகளுக்கு, உள்விளிம்பில் மாறி மாறிச் சிறு பிளாஸ்டிக் நாக்குகளை ஒட்டிவிட்டால் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நாக்குகளுக்கான தகட்டை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை; அடியில் முக்கோணத்துக்குள் 6 என்ற எண் பொறித்த தயிர்க் கிண்ணங்கள் பாலிஸ்டைரீனே, மாதிரியின் பிளாஸ்டிக்கும் அதுவே, ஆகவே அதே பசையில் உருகி ஒன்றாகிவிடும். நீங்கள் தேர்ந்த இரண்டு இடங்களுக்கு நடுவே முதலில் ஒட்டி, காய்ந்தபின் அடுத்த இரண்டு சென்டிமீட்டர் என்று நகருங்கள். நீர்போல் ஓடும் பசையை இணைப்பில் விட்டு, சற்றுப் பொறுத்து அழுத்தினால், உருகிய பிளாஸ்டிக் ஒரு மெல்லிய மணிக்கோடாகப் பிதுங்கி வரும். அதைத் துடைக்காமல் ஒரு நாளுக்கு மேல் காய விட்டுத் தேய்த்தால், அந்த இணைப்புக்குப் பட்டியே தேவைப்படாது.

இறக்கைதான் உங்கள் கேள்வியின் கடினமான பகுதி. இங்கேதான் பெரும்பாலோர் பட்டிக் குழாயைத் தேடுகிறார்கள். பழைய ஹரிக்கேன் பெட்டிகள் பெரும்பாலும் இறக்கையின் அடிப்பாகத்தை ஒரே துண்டாகவும் மேற்பாகத்தை இரண்டாகவும் தருகின்றன. அப்படியானால் உங்களுக்கு மூன்று வழிகள் உண்டு, மூன்றையும் கலந்தும் பயன்படுத்தலாம். உடலைச் சற்றே விரிப்பது முதல் வழி: இறக்கை அமரும் பள்ளத்தின் உட்புறம், ஸ்ப்ரூ எனப்படும் அந்தச் சட்டத்திலிருந்து வெட்டிய குச்சி ஒன்றைக் குறுக்கே கொடுத்து, உடலின் சுவர் இறக்கையைத் தொடும்வரை தள்ளி நிறுத்த வேண்டும். குச்சியைச் சிறிது நீளமாகவே வெட்டி, தேய்த்துத் தேய்த்துக் குறைத்துப் பாருங்கள். இரண்டாவது, இறக்கை நுனிகளை ஒட்டு நாடாவால் மேல்நோக்கி இழுத்துக் கட்டுவது. நுனி உயர உயர மேற்புற இடைவெளி மூடும். ஆனால் ஹரிக்கேனின் நடு இறக்கை ஏறக்குறையத் தட்டையானது, வெளி இறக்கைகள் மட்டுமே மேல்நோக்கிச் சாய்ந்தவை. எனவே இழுப்பதற்கு ஓர் எல்லை உண்டு. முன்னாலிருந்து எடுத்த நிழற்படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டே இழுங்கள். இந்த இரண்டும் போதாதபோது மட்டும் மூன்றாவது வழியாக, இடைவெளியின் தடிமனுக்கு ஏற்ற பிளாஸ்டிக் தகட்டை இறக்கை அடியின் வடிவத்தில் வெட்டி ஆப்பாகச் செருகி ஒட்டி, காய்ந்தபின் மேற்பரப்புக்குச் சமமாகச் சீவிவிடலாம். தகடும் பிளாஸ்டிக் என்பதால் பின்னர் சுருங்காது, அதன்மேல் வரியும் கீறலாம்.

பஃபலோவில் நிலைமை வேறு. அதன் இறக்கை உடலின் நடுவில் பொருந்துவது. பெட்டியில் இடது, வலது இறக்கைகள் தனித்தனியே வந்து, வெறும் முகத்தோடு முகம் ஒட்ட வேண்டியிருந்தது. கையால் சுழற்றும் சிறு துரப்பணத்தால் இரு முகங்களிலும் துளையிட்டுப் பித்தளைக் கம்பியை ஊடே செலுத்தியதால் வலு வந்தது. இறக்கை அடி உடலைவிடத் தடித்திருந்ததால் மேற்புறமும் அடிப்புறமும் ஒருசேரச் சமமாக வரவில்லை. மாதிரியைப் பார்க்கிறவர்கள் மேலிருந்தே பார்க்கிறார்கள் என்பதால் மேற்புறத்தைச் சமமாக்கி, வேறுபாட்டை அடிப்புறத்தில் ஒரு படியாக விட்டுப் பிறகு தேய்த்தெடுத்தேன். இதுவும் பிழையைத் தள்ளிவைக்கும் அதே முறைதான். ஒன்றைக் கவனியுங்கள்: இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் உண்மையான விமானத்திலும் தகடுகளின் சேர்க்கை வரி உண்டு. அங்கே மயிரிழை போன்ற ஒரு கோடு எஞ்சினால் அதை அழிக்காதீர்கள்.

கண்ணாடிக் கூட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது உடலைவிட அகலமாக இருந்தால், உடலை ஒட்டும்போதே விமானி அறையின் குறுக்கே குச்சி கொடுத்து விரித்துவிட வேண்டும். உடல் ஒட்டி முடிந்தபின் அதற்கு வழியில்லை. சூப்பர் குளூவை அதன் அருகே கொண்டுவராதீர்கள், ஆவி பட்டாலே கண்ணாடி வெண்மையாக மங்கிவிடும். வெள்ளை மரப்பசை போதும். எஞ்சும் இடைவெளியிலும் அதையே நிரப்பி, ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம்.

இவ்வளவுக்கும் பிறகு எஞ்சுவதற்குத்தான் பட்டி. மாதிரிக்கென்றே விற்கும் பட்டி இங்கே எளிதில் கிடைப்பதில்லை. சிங்கப்பூரிலிருந்தோ பாங்காக்கிலிருந்தோ வரும் உறவினரிடம் சொல்லிவைக்க வேண்டும். கார் வண்ணக் கடைகளில் கிடைக்கும் மென்பட்டி பெரும்பாலும் போதுமானது, ஆனால் அதில் உள்ள கரைப்பான் மெல்லிய பிளாஸ்டிக்கைத் தின்னும் என்பதால் வெட்டியெறிந்த சட்டத் துண்டில் சோதித்த பிறகே பூச வேண்டும். கரைப்பான் ஆவியாகும்போது பட்டி சுருங்கும்; தடிமனாக ஒரே தடவை பூசினால் நடுவில் பள்ளம் விழும். பகானில் அரக்குப் பாத்திரம் செய்வோர் சாம்பல் கலந்த அரக்கை மூங்கில் பின்னலின்மேல் மெல்லிய பூச்சாகப் பூசி, காய விட்டு, தேய்த்து, அதன்மேல் அடுத்த பூச்சுக்குப் போவதைப் பார்த்தால் பட்டியை எப்படிக் கையாள வேண்டும் என்பது விளங்கும். இணைப்பின் இருபுறமும் ஒட்டு நாடா ஒட்டிக்கொண்டு பூசினால் அக்கம்பக்கத்து வரிகள் தப்பும். சூப்பர் குளூவோடு முகப்பவுடர் கலந்தும் நிரப்பலாம். அது சுருங்காது, வரி கீறவும் ஏற்றது. ஆனால் அது காற்றின் ஈரத்தால் இறுகும் பொருள், எங்கள் மழைக்காலத்தில் இன்னும் விரைவாக இறுகும். ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிடுங்கள், மறுநாள் வரை விட்டால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகி, தேய்க்கும்போது பிளாஸ்டிக்தான் கரையும்.

தேய்த்தலை 400, 600, 1000 என்று ஏற்றிக்கொண்டே போய், அழிந்த வரிகளை ஊசி முனையால், தடித்த ஒட்டுப் பட்டையை விளிம்பாகக் கொண்டு, அழுத்தாமல் பலமுறை இழுத்து மீட்டுவிடுங்கள். பிறகு சாம்பல் நிற அடிப்பூச்சு அடித்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். கைக்குத் தெரியாத பள்ளங்கள் நிழலாகத் தெரியும். அவற்றை நிரப்பி, அந்த இடத்துக்கு மட்டும் மீண்டும் அடிப்பூச்சு அடித்தால் போதும். மழைக்காலமாக இருந்தால், லாக்கர் வகை வண்ணம் ஈரக் காற்றில் வெளிறிவிடும், காய்ந்த நாளுக்குக் காத்திருங்கள்.

உங்கள் ஹரிக்கேனைத் தூக்கிப் போட வேண்டிய அவசியம் எதுவும் நீங்கள் சொன்னவற்றில் இல்லை. இன்று பசையை மூடியே வைத்து, ஓரங்களைச் சீவி, முழு விமானத்தையும் நாடாவால் கட்டுங்கள். இறக்கை அடியில் இடைவெளி இரு பக்கமும் ஒரே அளவா, ஒரு பக்கம் மட்டும் அதிகமா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் உடலின் பாதிகள் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன என்று பொருள், அப்போது இறக்கையைத் தொடாமல் உடலைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். முன்னாலிருந்தும் மேலிருந்தும் எடுத்த படங்களைக் கேள்வியோடு சேர்த்துவிட்டால், குச்சி போதுமா, ஆப்பு வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.