தொட்டிக்குள் யாரோடு யார்?

வாசகர் கேள்விகள்: வண்ணமீன் வளர்ப்பு

கேள்வி: பெரம்பூரில் இரண்டாம் மாடி வீடு. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி வாங்கியாகிவிட்டது. கொளத்தூரில் ஒரு கடையில், ஆப்பிரிக்கன் சிக்லிட் என்ற ஏரி மீன் குட்டிகளைப் பல இனமாகக் கலந்து இருபது எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். முதல் தொட்டிக்கு இது சரிப்படுமா?

பதில்: சரிப்படாது. இப்படிக் கலந்து விற்கும் குட்டிகளில் ஆரட்டஸ், கென்யி என்ற இரண்டு இனங்களும் இருக்க வாய்ப்பு அதிகம். மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட ஆரட்டஸ் குட்டி அத்தனை அழகு. ஆணாக வளர்ந்தால் உடல் கறுத்து, தொட்டி முழுவதையும் தன் பெயரில் பட்டா போட்டுக்கொள்ளும். கென்யி குட்டியில் நீலம். ஆண் வளர்ந்ததும் மஞ்சளாகும், முரட்டுக் குணத்தில் ஆரட்டஸுக்குக் குறையாது. வெனஸ்டஸ் என்ற இனம் ஒன்று சேர்ந்துவிட்டால் ஒன்பது, பத்து அங்குலம் வரும். நிறத்தைப் பார்த்து வாங்காமல் பெயரைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரருக்கே பெயர் தெரியாத குட்டியை விட்டுவிடலாம்.

உங்கள் தொட்டியில் கல், மணல் போக ஏறத்தாழ 160 லிட்டர் நிற்கும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சாதுவான இரண்டு இனங்கள் போதும்: எல்லோ லேப் ஆறு, ரஸ்டி ஆறு. இரண்டும் நான்கு அங்குலம் அளவில் நின்றுவிடும். ஒன்று மஞ்சள், மற்றது துருவும் ஊதாவும் கலந்த நிறம். இந்த நிற வித்தியாசம் முக்கியம். தன்னைப் போலத் தெரியும் மீனைத்தான் ஆண் சிக்லிட் முதலில் துரத்தும், நெருங்கிய இனமானால் கலப்புக் குட்டியும் பிறக்கும். ஓர் ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கு நல்லது. குட்டியில் ஆண், பெண் தெரியாது என்பதால் இனத்துக்கு எட்டாக வாங்கி, வளர்ந்ததும் மிகுதி ஆண்களைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். சாலோசி என்ற இனம் கிடைத்தால் அதை மட்டுமே பன்னிரண்டு விடலாம்: பெண் மஞ்சள், ஆண் நீலம், ஒரே இனத்தில் இரு நிறம். பீகாக் என்ற சிக்லிட்டை இவற்றோடு சேர்க்க வேண்டாம். அது நிதானமான மீன். தீனிக்குப் போட்டியிட முடியாமல் மூலையில் ஒதுங்கும்.

அடிக்கண்ணாடியில் மெல்லிய தெர்மகோல் விரித்து, அதன் மேல் நேரே கருங்கல்லை அடுக்கி, பிறகு மணல் கொட்டுங்கள். மணல் மேல் கல் வைத்தால் மீன் அடியில் தோண்டும், கல் சரியும், கண்ணாடி போகும். ஃபில்டர் பம்ப் மணிக்கு 1,000 லிட்டருக்குக் குறையக் கூடாது. கழிவை முறிக்கும் நுண்ணுயிர் வளர, மீன் விடாமல், ஒரு சிட்டிகைத் தீனி மட்டும் தினமும் போட்டு நான்கு முதல் ஆறு வாரம் ஓட விடுங்கள். தெரிந்தவர் தொட்டியில் ஓடிய பழைய ஸ்பாஞ்ச் கிடைத்தால் காத்திருப்பு குறையும். கழிவிலிருந்து உருவாகும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சோதனையில் பூஜ்யம் காட்டிய பிறகே மீன். காரத்தன்மை கூடிய தண்ணீரில் அம்மோனியாவின் நச்சும் கூடும் என்பதால் இதில் அவசரம் கூடாது. எல்லா மீனையும் ஒரே நாளில் விடுங்கள். முதலில் விட்டது இடம் பிடித்துவிட்டால், பின்னால் வருவதற்கு உதைதான். தனியே ஒன்று சேர்க்கத்தான் வேண்டுமென்றால், கற்களைக் கலைத்து மாற்றி அடுக்கிய பிறகு விடுங்கள்.

தீனி ஸ்பைருலினா என்ற பாசி கலந்த சிறு குருணை, நாளுக்கு இரு வேளை, ஒரு நிமிடத்தில் தின்று தீரும் அளவு. ரஸ்டியும் சாலோசியும் பாறைப் பாசி கொறிக்கும் இனம். ரத்தப்புழு, மாட்டிறைச்சி கொடுத்துப் பழக்கினால் குடல் கெட்டு வயிறு ஊதக்கூடும்.

கேள்வி: தண்டையார்பேட்டை. எங்கள் போர் தண்ணீர் உப்பு. ஆப்பிரிக்கன் மீனுக்கு உப்புத் தண்ணீர்தானே வேண்டும், அப்படியே ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். மலாவி நன்னீர் ஏரி. அந்த மீன்கள் கேட்பது 7.8 முதல் 8.4 வரை நிலையான பிஎச், அதாவது அமில-காரத்தன்மை அளவு. போரில் கரிப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு, அதாவது சமையல் உப்பு. அது பிஎச்சைத் தாங்கிப் பிடிக்காது. டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், எந்த உப்பு என்று சொல்லாது. மெட்ரோ வாட்டரைப் பிடித்து, குளோரின் நீக்கும் சொட்டு மருந்து கலந்து, 300 கிராம் பவளத்தூளைத் துணிப்பையில் கட்டி ஃபில்டருக்குள் போடுங்கள். பிஎச் மெல்ல ஏறி நிற்கும். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு மாற்றினால் போதும். கல்லுப்பை அள்ளிப் போடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

ஹீட்டருக்குச் செலவழிக்காதீர்கள், நம்மூரில் பிரச்சினை மே மாதம்தான். தண்ணீர் 31, 32 டிகிரி போனால் பிராணவாயு குறைந்து மீன் மேலே வந்து வாய் பிளக்கும். நீர்ப்பரப்பின் மேல் சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு டிகிரி இறங்கும். மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் கட்டாயம்.

கேள்வி: வியாசர்பாடி. ஒரு எல்லோ லேப் நாலு நாளாகத் தின்னவில்லை, தாடை உப்பியிருக்கிறது. நோயா?

பதில்: தாடை மட்டும் உப்பி, மெல்லுவது போல வாயை அசைத்தால், அது தாய் மீன், வாய்க்குள் முட்டை சுமக்கிறது. மூன்று வாரம் போல இப்படித்தான் இருக்கும். வலை போட்டுத் துரத்தினால் துப்பிவிடும். குட்டிகள் வேண்டுமென்றால் பதினெட்டாம் நாள் வாக்கில், விளக்கை அணைத்து, ஒரு டப்பாவில் தண்ணீரோடு அள்ளித் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். உப்பியது வயிறாக இருந்து, கழிவும் வெள்ளை நூல் போல வந்தால் அது வேறு: தீனியை நிறுத்தி, பாதித் தண்ணீரை அன்றே மாற்றுங்கள்.