கரையோரத் தூண்டில்: வாசகர் கேள்விகள்

முட்டுக்காடு பக்கம் வழிகாட்டியோடு அரைநாள் படகில் போய்த் தூண்டில் போட ஏற்பாடு செய்திருக்கிறோம். ஞாயிறு காலை 6 மணிக்கு வரச் சொன்னார்கள். அந்த நேரம் சரிதானா?
— சென்னை வாசகர்

அன்று வற்றம் (கடல்நீர் இறங்குவது) எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். அதற்குப் பதில் கிடைத்தால்தான் 6 மணி சரியா என்று சொல்ல முடியும். ஏற்றமும் வற்றமும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகின்றன. இந்த ஞாயிறு 6 மணிக்கு ஏற்றம் உச்சியில் இருந்தால், அடுத்த ஞாயிறு அதே 6 மணிக்குத் தண்ணீர் ஏறக்குறைய அடியில் கிடக்கும். கழிமுகத்தில் நல்ல நேரம் பெரும்பாலும் வற்றத்தின் முதல் இரண்டு மணி நேரம். அப்போது ஓடைகளிலிருந்து மடவைக் குஞ்சும் இறாலும் ஓட்டத்தோடு வெளியே வரும். கொடுவாவும் செப்பிலியும் ஓடை வாயிலும் பாலத் தூணின் நிழலிலும் ஓட்டத்தை எதிர்த்தபடி காத்திருக்கும். ஆகவே இரையை ஓட்டத்தின் மேல்பக்கம் எறிந்து, அது கீழே வரும்படி விட வேண்டும். ஓட்டம் நின்றதும் கடியும் நின்றுவிடும். சாப்பாட்டை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் வலு, அஷ்டமியை ஒட்டி மந்தம். முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தால் இந்தக் கணக்கு எதுவும் உள்ளே எட்டாது. அதனால் வாய் திறந்திருக்கிறதா என்பதையும் முன்பே விசாரியுங்கள். ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா, பிடித்த மீன் யாருக்கு, இரைத் தூண்டிலா லூரா (செயற்கை இரை) என்பவற்றையும் பணம் கட்டுவதற்கு முன் பேசிவிடுங்கள். அங்கி இல்லை என்றால் அந்தப் படகு வேண்டாம்.

30 பவுண்டு பிரெய்டு (பின்னல் லைன்) போட்டிருந்தும் கொடுவா கடித்த இரண்டே நொடியில் அறுத்துக்கொண்டு போகிறது. மூன்று முறை இப்படி ஆகிவிட்டது. இன்னும் தடிமனாகப் போடட்டுமா?
— கடலூர் வாசகர்

பிரெய்டைத் தடிமனாக்குவதால் இது தீராது. முதலில் அறுந்த நுனியைப் பாருங்கள். பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கியிருக்கிறது. கத்தியால் வெட்டியது போல நேராக இருந்தால் கொடுவாவின் செவுள் மூடி வெட்டியிருக்கிறது. அந்த மூடியின் ஓரம் ரம்பப் பல் போன்றது, விரலையும் கிழிக்கும். பஞ்சு போலப் பிரிந்திருந்தால் தூணிலோ ஆளிச் சிப்பியிலோ உராய்ந்திருக்கிறது. பிரெய்டு நேர் இழுவைக்குத்தான் வலுவானது, உராய்வைத் தாங்காது. அதனால் பிரெய்டுக்கும் முள்ளுக்கும் நடுவே உராய்வைத் தாங்கும் லீடர் கட்டாயம். கழிமுகக் கொடுவாவுக்கு 40 முதல் 50 பவுண்டு ஃபுளோரோகார்பன் தங்கூசி ஒரு மீட்டர் போதும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரின் கடைசி ஒரு சாண் நீளத்தை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரத்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

பிரெய்டையும் லீடரையும் இணைக்க எஃப்.ஜி. முடிச்சுதான் எங்கள் தேர்வு. மெலிதாக இருப்பதால் ராடு வளையங்களில் தட்டாமல் போகும். பிரெய்டை விறைப்பாக இழுத்துப் பிடித்து, லீடரை அதன்மேல் ஒருமுறை மேலாகவும் ஒருமுறை கீழாகவும் மாற்றி மாற்றி 20 சுற்று சுற்றுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பின்னல் போல அடுக்காக விழ வேண்டும். பிறகு பிரெய்டு நுனியால் லீடரையும் முதன்மை பிரெய்டையும் சேர்த்து இரண்டு அரைமுடிச்சு போட்டுப் பூட்டுங்கள். எச்சிலால் நனைத்து, இரண்டு பக்கமும் பலம் கொண்ட மட்டும் இழுங்கள். சுற்றுகள் இறுகி பிரெய்டின் நிறம் கருத்துத் தெரிய வேண்டும். நிறம் மாறாத முடிச்சை நம்பாதீர்கள், முதல் பெரிய மீனிலேயே வழுக்கிவிடும். நிறம் மாறியதும் லீடரின் மிச்ச நுனியை ஒட்ட வெட்டி, முதன்மை பிரெய்டின் மேல் மட்டும் நாலைந்து அரைமுடிச்சு போட்டு முடியுங்கள். உலர்ந்தபடியே இழுத்தால் உராய்வுச் சூட்டில் லீடர் கெடும். லூர் பக்கம் வளைய முடிச்சு போட்டால் லூர் தடையில்லாமல் ஆடும்.

இனி டிராக், அதாவது மீன் இழுக்கும்போது லைனை விட்டுக்கொடுக்கும் ரீலின் இறுக்கம். கையால் இழுத்துப் பார்த்துத் திருகுவது பலருக்கும் பழக்கம், மீன் போவதும் பெரும்பாலும் அதனால்தான். லைனின் தாங்குதிறனில் கால் பங்கு என்பது பொதுக் கணக்கு. 30 பவுண்டு என்றால் 13.6 கிலோ, அதில் கால் பங்கு 3.4 கிலோ. லைனை எல்லா வளையங்கள் வழியாகவும் விட்டு நுனியில் வில் தராசை மாட்டி, ராடைச் சுமார் 45 பாகை சாய்த்துப் பிடித்து, இன்னொருவரை இழுக்கச் சொல்லுங்கள். தராசு 3.4 கிலோ காட்டும்போது ரீல் லைன் விட வேண்டும். வளையங்களின் உராய்வும் சேர்வதால் ரீலிலிருந்து நேராக இழுத்து அளப்பது தப்புக் கணக்கு காட்டும்.

கொடுவா தண்ணீருக்கு மேல் எம்பித் தலையை உதறும். அந்த நொடியில் ராடு நுனியைத் தாழ்த்திச் சற்றுத் தளர்வு கொடுங்கள்.

ஒரு மீட்டர் நீளக் கொடுவா கிடைத்தால் விட்டுவிட வேண்டும் என்கிறார்கள். விலையுள்ள மீனாயிற்றே?
— காரைக்கால் வாசகர்

விட்டுவிடுங்கள். கொடுவா ஆணாக முதிர்ந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும் மீன். ஒரு மீட்டரை எட்டியது அநேகமாகப் பெண், அதுவும் ஏராளமாக முட்டையிடும் பருவத்துப் பெண். அது ஒன்று போனால் அந்தக் கழிமுகத்துக்குப் பல வருட இழப்பு. சமைக்க 50, 60 சென்டிமீட்டர் மீன் ஒன்று போதும், ருசியும் அதில்தான்.

ஆனால் விடுவதாகச் சொல்லிக் கொன்று விடுபவர்கள் நிறைய. தாடையைப் பிடித்துச் செங்குத்தாகத் தூக்கினால் பெரிய மீனின் தாடை இணைப்பும் உள்ளுறுப்பும் சேதமாகும். ஒரு கை தாடையில், மறு கை வயிற்றடியில் இருக்கட்டும். கையை நனைத்துக்கொள்ளுங்கள். துண்டால் பிடித்தால் மேல்வழுவழுப்பு போய்ப் புண் பிடிக்கும். கேமரா தயாரான பிறகுதான் மீன் தண்ணீரை விட்டு வெளியே வரலாம், அதுவும் 30 நொடிக்குள். திருப்பி விடும்போது தலை ஓட்டத்தை எதிர்த்து இருக்கட்டும், முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம். அதுவே வாலை உதறிப் போகும்வரை கையை எடுக்காதீர்கள்.

மூன்று முனை முள்ளைக் கழற்றி ஒற்றை முள் மாட்டுங்கள், முள் நுனியருகே பின்னோக்கி நிற்கும் செதிளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். உயிர் இரை போடுகிறீர்கள் என்றால் நுனி உள்நோக்கி வளைந்த வட்டமுள். அதற்கு ராடைச் சட்டென்று வெட்டி இழுக்கக் கூடாது. லைன் இறுகியதும் ரீலைச் சீராகச் சுற்றினால் முள் தானே வாயோரத்தில் மாட்டும். வெட்டி இழுத்தால் வாயிலிருந்து வெறுமனே வந்துவிடும்.

தூண்டில் போட்டியில் முதன்முறை கலந்துகொள்கிறேன். நல்ல மீன் பிடித்தும் தள்ளுபடி ஆவதற்கு என்ன காரணம்?
— புதுச்சேரி வாசகர்

பல போட்டிகள் 1939இல் தொடங்கிய சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கமான ஐ.ஜி.எஃப்.ஏ.வின் விதிகளைத் தழுவியவை. அதன்படி, மீன் கடித்தது முதல் கரையேறும் வரை உங்கள் ராடு, ரீல், லைன் எதையும் வேறு யாரும் தொடக் கூடாது. வழிகாட்டிப் படகில் பழகியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். வழிகாட்டி அன்போடு மீனை மாட்டி ராடைக் கையில் கொடுப்பார், அந்த மீன் கணக்கில் வராது. படகு புறப்படும் முன்பே அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். கடைசியில் லீடரை மட்டும் அவர் பிடிக்கலாம்.

லீடர் நீளமும் அளக்கப்படும். கடலில் 20 பவுண்டு வரையிலான லைனுக்கு 4.57 மீட்டர், அதற்கு மேல் 9.14 மீட்டர் உச்சவரம்பு. இரைத் தூண்டிலில் இரட்டை, மூன்று முனை முள் கூடாது, ஒற்றை முள் இரண்டு வரை போடலாம்.

எடைக்குப் பதில் நீளம் பார்த்து, படம் எடுத்து, மீனை விடும் போட்டிகளில் படம் சரியில்லாததால் போகும் புள்ளிகள் அதிகம். மீனை அளக்கும் பலகையை முதலில் நனைத்துவிடுங்கள். மூக்கு தடுப்பில் முட்ட, வாய் மூடியிருக்க, வால் மடங்காமல் மீன் தட்டையாகக் கிடக்க வேண்டும். எண்களை விரல் மறைக்கக் கூடாது. வால் கவட்டை வரையா, வால் நுனி வரையா என்பதை அமைப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாறை மீனில் இந்த இரண்டுக்கும் பல சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். கொடுவாவின் வால் உருண்டை, கவட்டை கிடையாது.

கெளிறு முள் கையில் குத்திவிட்டால் என்ன செய்வது?
— நாகப்பட்டினம் வாசகர்

தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 பாகை செல்சியஸ் வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் கையை ஊற வையுங்கள். சூட்டைக் குத்துப்படாத கையால் சோதியுங்கள், வலியில் மரத்த கைக்குச் சூடு தெரியாமல் வெந்துவிடும். திருக்கை முள்ளுக்கும் இதே முறைதான். ஆனால் முள் மார்பிலோ வயிற்றிலோ பாய்ந்திருந்தால் பிடுங்காதீர்கள், அப்படியே மருத்துவமனைக்குப் போங்கள். உடைந்த துண்டு உள்ளே இருக்கலாம், டெட்டனஸ் ஊசியும் தேவைப்படும். ஆகவே வலி அடங்கினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். படகில் ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் எடுத்துப் போவது நல்லது.

மண்டபம், கீழக்கரைப் பக்கம் தீவுகளை ஒட்டித் தூண்டில் போடலாமா?
— மதுரை வாசகர்

கூடாது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. யார் கூட்டிப் போனாலும் தீவைச் சுற்றி மீன் பிடிப்பது குற்றம். வெளியே போடும்போதும் வேளா மீனோ (ரம்பம் போன்ற மூக்குள்ளது) திமிங்கலச் சுறாவோ சிக்கினால் படகில் ஏற்றாமல், படம் எடுக்க நிறுத்தி வைக்காமல், லைனை முள்ளுக்கு நெருக்கமாக வெட்டி விட்டுவிடுங்கள். நீளமான லைன் தொங்க விட்டால் அது பவளத்திலோ துடுப்பிலோ சுற்றி, விட்ட மீனைக் கொல்லும்.