வீட்டுக்கு ஜூசர் வாங்கலாமா? வாங்கினால் தொடர்ந்து பயன்படுத்துவோமா, இல்லை பரணுக்குப் போய்விடுமா?

வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், கோல்டு பிரஸ் ஜூசர் வாங்கலாம் என்று யோசிக்கிறேன், தினமும் பயன்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் மனசுக்குள் முக்கால்வாசி வாங்கிவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. பத்துப் பதினைந்து வீடியோவாவது பார்த்திருப்பீர்கள். ஆறு வருடத்துக்கு முன் நானும் இதே நிலையில்தான் இருந்தேன். அதனால்தான் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளுக்கு ஜூசர் தேவையில்லை. சில வீடுகளுக்குத் தேவை, அது யாருக்கு என்பதையும் சொல்கிறேன். அதற்கு முன் எங்கள் வீட்டுக் கதையைக் கேளுங்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரையிலும் நடையிலும் கட்டுப்பாட்டில்தான் இருந்தது. கடைவாய்ப் பற்கள் ஒவ்வொன்றாகப் போன பிறகு அவர் காய்கறியைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ள ஆரம்பித்தார். கேரட்டை மெல்ல முடியவில்லை, ஆப்பிளை வெட்டி வைத்தாலும் இரண்டு துண்டோடு சரி. மென்று சாப்பிட முடியாதவருக்குச் சாறாகக் கொடுத்தால் சத்து போய்ச் சேருமே என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்த நினைப்பில் தப்பில்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அதற்கு மேல் நான் எதையும் யோசிக்கவில்லை.

வாங்குவதற்கு முன் இயந்திரத்தைப் பற்றி நிறையப் படித்தேன், மனிதர்களைப் பற்றி யோசிக்கவே இல்லை. இரண்டு வகை இருப்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஒன்றில் பல் வைத்த தட்டு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுற்றி, காயைத் துருவிச் சல்லடையின் மேல் வீசியடிக்கும். வேகம் அதிகம், சத்தமும் நுரையும் அதிகம். இன்னொன்று கோல்டு பிரஸ். திருகாணி மாதிரி ஓர் உருளை நிமிடத்துக்கு 40 முதல் 100 சுற்றுக்குள் மெதுவாகத் திரும்பி, காயை நசுக்கிப் பிழியும். சக்கை உலர்ந்து விழும், சாறு கொஞ்சம் கூடுதலாக வரும், நுரை குறைவு. வேகமாகச் சுற்றும் வகையில் சூட்டில் சத்தெல்லாம் செத்துவிடும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். அந்தச் சில நொடியில் சாறு வெந்துபோகிற அளவுக்கெல்லாம் சூடாவதில்லை. காற்று அதிகம் கலப்பதால் சீக்கிரம் நிறம் மாறும், அவ்வளவுதான். நான் கோல்டு பிரஸ்தான் வாங்கினேன்.

முதல் மாதம் வீடே அதைச் சுற்றித்தான் இருந்தது. காலையில் அப்பாவுக்கு ஒரு பெரிய டம்ளர். இரண்டு ஆப்பிள், ஓர் ஆரஞ்சு, இரண்டு கேரட், நிறத்துக்கு ஒரு துண்டு பீட்ரூட். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் காட்டுவார். எத்தனையோ நாளாகக் காயைத் தொடாத மனிதர் இப்படிக் குடிப்பதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போட்டோ அனுப்பினேன்.

மூன்று மாதம் கழித்து வழக்கமான பரிசோதனை. ஹெச்பிஏ1சி, அதாவது இரண்டு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் அளவு, 6.8-இல் இருந்து 7.6-க்குப் போயிருந்தது. "புதுசா என்ன சேர்த்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். "வேற ஒண்ணும் இல்லை டாக்டர், ஜூஸ் மட்டும்தான், சர்க்கரை போடவே மாட்டோம்" என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஒரு தாளை எடுத்து, டம்ளருக்குள் என்னென்ன போகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். நடுத்தர ஆப்பிள் ஒன்றில் சர்க்கரை ஏறக்குறைய 19 கிராம். ஆரஞ்சில் 12. கேரட்டில் ஒன்றுக்கு 3. கூட்டிப் பார்த்தால் 50-ஐத் தாண்டியது. பிழியும்போது கொஞ்சம் சக்கையோடு போனாலும் பெரும்பகுதி டம்ளருக்குத்தான் வருகிறது.

"நீங்க போடலை, பழம் போட்டிருக்கு" என்றார் டாக்டர். இப்போதும் அந்த வார்த்தை காதில் கேட்கிறது.

பிறகு உட்கார்ந்து படித்தபோதுதான் தெரிந்தது, இதெல்லாம் புதிய செய்தியே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட சர்க்கரை வழிகாட்டுதலில், குறைக்கச் சொல்லும் சர்க்கரைக் கணக்கில் பழச்சாற்றில் இருப்பதும் சேரும். முழுப் பழத்தில் இருப்பது சேராது. ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறார்கள். 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம். அப்பாவின் ஒரு டம்ளரிலேயே நாள் முழுவதற்குமான கணக்கு முடிந்துபோயிருந்தது. 1977-இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஒரே அளவு ஆப்பிளை முழுசாகவும், கூழாகவும், சாறாகவும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். முழு ஆப்பிளைத் தின்பதைவிடச் சாற்றை 11 மடங்கு வேகமாகக் குடித்து முடித்தார்கள், வயிறு நிறைந்த உணர்வும் சாற்றில்தான் குறைவு. நார்தான் நம்மை மெதுவாகச் சாப்பிட வைக்கிறது, சர்க்கரையையும் மெதுவாக இறக்குகிறது. காசு கொடுத்து வாங்கின இயந்திரம் பிரித்துக் குப்பைக்கு அனுப்புவது அந்த நாரைத்தான்.

இந்த இடத்தில் சிலர் கமெண்டில் வருவார்கள் என்று தெரியும். "எங்க தாத்தா தினமும் ஜூஸ் குடித்துத் தொண்ணூறு வயது இருந்தார்" என்பீர்கள். இருந்திருக்கலாம், சந்தோஷம். ஜூஸ் விஷம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. சர்க்கரை இல்லாத ஆள் ஒரு சின்ன கிளாஸ் குடிப்பதால் ஒன்றும் ஆகாது. பிரிட்டனின் அரசு சுகாதாரத் துறையே ஒரு நாளைக்கு 150 மில்லி வரை சரி என்கிறது. நாங்கள் கொடுத்தது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், அதுவும் சர்க்கரை நோயாளிக்கு. டாக்டரைக் கேட்காமல் கொடுத்தது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது சர்க்கரை அளவு இல்லை. அது மருந்திலும் சாப்பாட்டிலும் சரியாகிவிட்டது.

அந்த மூன்று மாதமும் இயந்திரத்தைக் கழுவியது அம்மா. எனக்கு அது தெரியவே தெரியாது. நான் எழுந்து வரும்போது எல்லாம் துடைத்துக் கவிழ்த்து வைத்திருக்கும். ஒரு நாள் தூக்கம் வராமல் விடியற்காலையில் அடுப்படிக்குப் போனேன். அம்மா சல்லடையை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி நுழையாத அளவு ஓட்டைகள், ஒவ்வொன்றிலும் ஆரஞ்சு நிற நார். கூடக் கொடுத்த பிரஷ்ஷின் முள்ளெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்து போயிருந்தது. சக்கை வெளியே வரும் துளைக்கு அடியில் ஒரு சின்ன ரப்பர் மூடி உண்டு. அதன் இடுக்கில் இருப்பதை ஒரு குச்சியால் நோண்டி எடுத்தார். முந்தின நாள் ராத்திரி அப்பா இன்னொரு டம்ளர் கேட்டிருக்கிறார், போட்டுக் கொடுத்துவிட்டு அசதியில் கழுவாமல் படுத்துவிட்டாராம். காய்ந்த சக்கை சிமெண்ட் மாதிரி ஒட்டியிருந்தது.

"ஏம்மா என்னை எழுப்பக்கூடாதா?" என்றேன்.

"நீ ஆசையா வாங்கிட்டு வந்த. இதுக்குப் போய் எழுப்புவாங்களா?" என்றார். இதற்காகத் தினமும் அரை மணி நேரம் முன்னாடியே எழுந்திருக்கிறார். மூன்று மாதம்.

நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் அம்மா முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர். ஓய்வு பெற்ற அன்று அவருக்கு வந்த பரிசுகளைக் கேளுங்கள்: ஒரு மிக்ஸி, இரண்டு பாத்திர செட், ஒரு குக்கர். அவர் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது, கழுத்து வலிக்காமல் சாய்ந்து உட்கார்ந்து படிக்க ஒரு நாற்காலியும் பக்கத்தில் ஒரு விளக்கும். ஒருவர்கூட, நான் உட்பட, அதை வாங்கித் தரவில்லை. பெண்களுக்குப் பரிசு என்றால் ஏன் இன்னும் ஒரு வேலையை டப்பாவில் போட்டுக் கட்டிக் கொடுக்கிறோம்? இதை யாராவது தனிக் கேள்வியாகக் கேட்டால் அங்கே இன்னும் விரிவாக எழுதுகிறேன். நாற்காலி இப்போது வந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

மெல்ல முடியாத பெரியவர்களுக்காக என்றால், முதலில் மிக்ஸியில் அரைத்துக் கொடுத்துப் பாருங்கள். நார் உள்ளேயே இருக்கும், கழுவ ஒரு ஜாரும் ஒரு பிளேடும்தான். வேகவைத்த காயை நன்றாக மசித்து சூப்பாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. எங்கள் அப்பா இப்போது அதைத்தான் குடிக்கிறார். ஆரஞ்சு, எலுமிச்சை மட்டும்தான் பிழிவீர்கள் என்றால் கையால் பிழியும் சின்னக் கருவியே போதும். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் வீட்டில் இருந்தால் காய்கறிச் சாறு எதையும் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். அளவு மீறினால் அவர்களுக்கு ஆகாத பொட்டாசியம் சாற்றில் அப்படியே வந்து சேரும். கீரைச் சாற்றைத் தினமும் நிறையக் குடித்தால் அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் சிறுநீரகக் கல் உண்டாகும் வாய்ப்பைக் கூட்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பழச்சாறே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2017-இல் சொல்லியிருக்கிறது.

அப்படியானால் யார் வாங்கலாம்? மருத்துவர் திரவ உணவு சொல்லி, நாரைக் குறைக்கவும் சொல்லியிருந்தால் வாங்கலாம். தோட்டத்தில் காய் கொட்டிக் கிடந்து வீணாகிறது என்றால் வாங்கலாம். பழத்தைக் குறைத்து வெள்ளரி, செலரி (கீரைத்தண்டு மாதிரி இருக்கும் ஒரு காய்) மாதிரி இனிப்பில்லாத சாற்றை விரும்பிக் குடிப்பவர்களும் வாங்கலாம். என் தங்கை இந்த மூன்றாவது ரகம். எங்கள் இயந்திரம் இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறது, நான்கு வருடமாக ஓடுகிறது. காரணம், குடிப்பதும் கழுவுவதும் அவளேதான். சாறு இறங்கி முடிந்த உடனே, டம்ளரைக் கையில் எடுப்பதற்கு முன்பே, சல்லடையைக் குழாய்க்கு அடியில் பிடித்துவிடுவாள். அப்போது பிடித்தால் ஒரு நிமிட வேலை. செலரியை நீளமாகப் போட்டால் அதன் நார் உருளையில் சுற்றிக்கொள்ளும் என்பதால் விரல் அகலத்துக்கு நறுக்கித்தான் போடுவாள். கேரட் கறை பிளாஸ்டிக்கில் ஏறினால் சோப்பு போட்டுத் தேய்க்காமல் ஒரு சொட்டு சமையல் எண்ணெய் தொட்டுத் துடைக்கிறாள், வந்துவிடுகிறது. அந்த நிறம் எண்ணெயில்தான் கரையும்.

இயந்திரத்தை அவள் மேடையிலேயே வைத்திருக்கிறாள். ஐந்தாறு கிலோ எடை, அலமாரிக்குள் போனால் திரும்பி வராது. வாங்குவதாக இருந்தால் கடையில் ஓட்டிக் காட்டச் சொல்லாதீர்கள், பிரித்துக் கழுவிக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை பாகம் கழற்ற வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். சல்லடையும் ரப்பர் மூடியும் தனியாக வாங்கக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். தெரிந்தவர் யாரிடமாவது இருந்தால் இரண்டு வாரம் இரவல் வாங்கி, நீங்களே தினமும் கழுவிப் பாருங்கள்.

உங்கள் கேள்வியில் ஒரு விஷயம் இல்லை. உங்கள் வீட்டில் அதை யார் கழுவப் போகிறார்கள்? அதையும், பெரியவர்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்பதையும் கமெண்டில் சொல்லுங்கள், இன்னும் சரியாகச் சொல்கிறேன்.