எம்எம்ஏ வீரர்களிலேயே உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார், ஏன்?

பிரான்சிஸ் இங்கானு. கேமரூன்காரர், எம்எம்ஏ என்கிற கலப்புச் சண்டை விளையாட்டில் ஹெவிவெயிட், அதாவது அதிக எடைப் பிரிவு.

பெயரைக் கேட்டதும் யூடியூபில் தேடப் போகிறீர்கள் என்றால் முதலில் வந்து நிற்பது 2017 டிசம்பரில் டெட்ராய்டில் நடந்த சண்டையாகத்தான் இருக்கும். எதிரில் அலிஸ்டர் ஓவரீம், கிக்பாக்ஸிங்கில் கே-1 பட்டமே வாங்கிய ஆள். முதல் சுற்று முடிய இன்னும் மூன்று நிமிடத்துக்கு மேல் இருக்கும்போது இங்கானு இடது கையால் கீழிருந்து மேலே ஒன்று விட்டார். ஓவரீமின் தலை பின்னால் மடங்கிப் போன விதத்தைப் பார்த்து, ஆள் பிழைப்பாரா என்றே பயந்தேன். அதற்குப் பிறகு அந்தக் காட்சியை ஐம்பது தடவையாவது பார்த்திருப்பேன். வேகத்தைக் குறைத்துப் பார்த்திருக்கிறேன். ஆபீஸ் கேன்டீனில் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டி, அவர் சாம்பார் சாதத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஆனால் எனக்கு அவரைப் பிடித்துப் போனது யாரையுமே அவர் வீழ்த்தாத ஒரு சண்டையால். அதைச் சொல்ல ஆரம்பத்திலிருந்து வர வேண்டும்.

1986-ல் கேமரூனின் மேற்குப் பகுதியில் பாத்தியே என்ற ஊரில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். உறவினர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்தார். பத்துப் பன்னிரண்டு வயதிலேயே மணல் குழியில் கூலி வேலை. மண்வெட்டியால் மணலை வெட்டி லாரியில் ஏற்ற வேண்டும். அந்தக் குத்தின் பலம் மணல் அள்ளியதால் வந்தது என்று உருகி உருகி எழுதுகிறார்கள். அதெல்லாம் சும்மா. நான் வளர்ந்தது காவிரிக் கரையில். மணல் அள்ளினால் சாம்பியன் ஆகலாம் என்றால் எங்கள் ஊரிலிருந்து இதற்குள் நாற்பது பேர் லாஸ் வேகாஸ் போயிருக்க வேண்டும். எங்கள் ஊர் லோடுமேன்களுக்கு மிச்சமானது முதுகுவலி மட்டும்தான்.

அவருடைய அப்பாவுக்கு ஊரில் தெருச் சண்டைக்காரர் என்று கெட்ட பெயர். மகனும் அப்படித்தான் ஆவான் என்று சொன்னவர்கள் உண்டு. இவருக்கோ மைக் டைசன் மாதிரி பாக்ஸர் ஆக வேண்டும். இருபத்திரண்டு வயதில்தான் கையில் கிளவுஸ் மாட்டினார். பாக்ஸிங்கில் அது ரொம்பத் தாமதம். கேமரூனில் இருந்துகொண்டு நடக்காது என்று புரிந்ததும் 2012-ல் கிளம்பிவிட்டார். நைஜீரியா, நைஜர், சஹாரா பாலைவனத்தைத் தாண்டி அல்ஜீரியா, அங்கிருந்து மொராக்கோ.

மொராக்கோவிலிருந்து ஸ்பெயினுக்குள் நுழைய ஆறு முறை முயன்று ஆறு முறையும் மாட்டிக்கொண்டார். பிடிபட்டவர்களை போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அல்ஜீரிய எல்லையோரப் பாலைவனத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து மறுபடியும் நடந்து வர வேண்டும். இடைப்பட்ட நாட்களில் சாப்பாடு என்பது ராத்திரியில் சந்தைக் குப்பையில் கிடைப்பதுதான். அழுகிய தக்காளி ஒன்றுக்காக எலியோடு மல்லுக்கு நின்ற கதையை ஜோ ரோகனின் பாட்காஸ்ட் பேட்டியில் அவரே சொல்லியிருக்கிறார். ஏழாவது முறை காற்றடைத்த படகில் கடலில் இறங்கி, ஸ்பெயின் போய்ச் சேர்ந்து, அங்கே இரண்டு மாதம் காவலில் இருந்து, 2013-ல் பாரிஸ். தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஒரு வாகன நிறுத்துமிடத்தில் படுக்கை.

அந்த நிலையிலும் போய்க் கேட்டது பாக்ஸிங் ஜிம் எங்கே இருக்கிறது என்றுதான். அங்கே ஒரு பயிற்சியாளர், சீக்கிரம் காசு பார்க்க வேண்டுமானால் எம்எம்ஏ பக்கம் போ என்றார். குத்து, உதை, மல்யுத்தம், மூட்டைத் திருகுவது, கழுத்தை நெரிப்பது எல்லாம் கலந்த இந்த விளையாட்டின் பெயரே இங்கானுவுக்கு அப்போது தெரியாது. ஃபெர்னாண்ட் லோபெஸ் நடத்திய எம்எம்ஏ ஃபேக்டரி என்ற ஜிம் அவரை இலவசமாகச் சேர்த்துக்கொண்டு படுக்க இடமும் கொடுத்தது. 2013 நவம்பரில் முதல் சண்டை. 2015 டிசம்பரில் எம்எம்ஏவின் மிகப் பெரிய போட்டி நிறுவனமான யூஎஃப்சி. இத்தனைக்கும் பிரான்ஸில் தொழில்முறை எம்எம்ஏவுக்குச் சட்டப்படி அனுமதி கிடைத்ததே 2020-ல்தான்.

யூஎஃப்சியில் மளமளவென்று ஆறு வெற்றி. ஓவரீம் அதில் கடைசி. 2018 ஜனவரியில் பட்டத்துக்காக ஸ்டீப்பே மியோசிச்சோடு மோதினார். மியோசிச் ஒஹாயோவில் தீயணைப்பு வீரர் வேலையும் பார்த்துக்கொண்டிருந்தவர், நிதானமான ஆள். முதல் சுற்றிலேயே இங்கானு டேங்க்கை மொத்தமாகக் காலி செய்துவிட்டார். மீதி நான்கு சுற்றும் மியோசிச் அவரை கூண்டு வலையோடு ஒட்டிவைத்துச் சாறு பிழிந்தார். மூன்று நடுவர்களும் மியோசிச்சுக்கு 50-44 என்று கொடுத்தார்கள்.

அடுத்தது டெரிக் லூயிஸ். ஞாயிற்றுக்கிழமை காலை, தட்டில் தோசையை வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். ஹெவிவெயிட்டில் அதிகம் பயப்பட வேண்டிய இரண்டு கைகள். பதினைந்து நிமிடத்தில் இங்கானு விட்டதில் எதிராளி மேல் பட்ட அடி மொத்தம் பதினொன்று. லூயிஸ் இருபது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கூட்டம் கூச்சல் போட்டது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னடா, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றார். போன சண்டையின் பயத்தைச் சுமந்துகொண்டு உள்ளே போய்விட்டேன் என்று இங்கானுவே பிறகு ஒப்புக்கொண்டார். யூஎஃப்சி தலைவர் டேனா வைட், தலைக்கனம் ஏறிவிட்டது என்று எல்லோர் முன்னாலும் போட்டுத் தாக்கினார்.

திரும்பி வந்த விதம்தான் அசாத்தியம். கர்ட்டிஸ் பிளேட்ஸை வீழ்த்த 45 வினாடி. கெயின் வெலாஸ்கெஸ் 26 வினாடி. ஜூனியர் டோஸ் சாண்டோஸ் 71 வினாடி. ரோசன்ஸ்ட்ரைக், கொரோனா காலத்தில் ஆளில்லாத அரங்கில், 20 வினாடி. கூட்டிப் பாருங்கள், ஒன்றரை வருடத்தில் நான்கு சண்டை, மொத்தம் மூன்று நிமிடம்கூட வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று மாதப் பயிற்சி, பயிற்சியாளர்கள் சம்பளம், ஜிம் செலவு, மேலாளர் பங்கு எல்லாம் உண்டு. யூஎஃப்சி வீரர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. சண்டை போட்டால்தான் காசு. சட்டப்படி அவர்கள் ஊழியர்களே இல்லை, ஒப்பந்தக்காரர்கள்.

2021 மார்ச்சில் மியோசிச்சோடு மறுபடி. இந்த முறை அவசரமே இல்லை. மியோசிச் காலைப் பிடிக்க வந்தபோது இடுப்பைப் பின்னால் எறிந்து தடுத்து, முதுகுப் பக்கம் போய்விட்டார். மூன்று வருடத்தில் ஆள் மல்யுத்தம் கற்றிருந்தார் என்பது அந்த நொடியில் தெரிந்தது. இரண்டாம் சுற்றில் இடது கையை வளைத்து ஒரு கொக்கிக் குத்து, மியோசிச் சரிந்தார். சாம்பியன் பெல்ட்டை எடுத்துக்கொண்டு பாத்தியேவுக்குப் போனார்.

இப்போது அந்தச் சண்டை. 2022 ஜனவரி, அனாஹைம். எதிரில் சிரில் கேன். அதே பாரிஸ் ஜிம்மில் இங்கானுவோடு பயிற்சி செய்தவர், கேனின் மூலையில் பயிற்சியாளராக நிற்பது அதே லோபெஸ். இங்கானு அந்த ஜிம்மை விட்டுப் போய்ப் பல வருடமாகியிருந்தது. அவருக்கும் லோபெஸுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சண்டைக்கு மூன்று வாரம் இருக்கும்போது இங்கானுவுக்கு முழங்கால் உள்பக்கத் தசைநார் கிழிந்துவிட்டது. வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியும் இறங்கினார்.

முழங்கால் தசைநார் கிழிவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நான் மூன்று வருடம் ஜியு-ஜிட்சு, தரையில் கட்டிப் புரண்டு மடக்கும் சண்டைக் கலை, கற்றேன், பட்டை நீலத்தைத் தாண்டவில்லை. ஒருநாள் என்னோடு உருண்டவர் தொண்ணூறு கிலோ ஆள், என் காலின் பக்கவாட்டில் சரிந்தார். உள்ளே ஈரத்துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம். எனக்கு அது பாதிக் கிழிசல்தான். அதற்கே ஆறு வாரம் பிரேஸ். மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை முதலில் வைப்பதா கெட்ட காலையா என்று ஒவ்வொரு படியிலும் யோசிப்பேன். ஊருக்குப் போனால் குந்தி உட்கார வேண்டிய கழிப்பறை என்பதால் இரண்டு மாதம் ஊருக்கே போகவில்லை.

அப்படிப்பட்ட காலோடு ஐந்து சுற்று. முதல் இரண்டு சுற்று கேன் நடனமாடினார். இங்கானுவின் குத்து எதுவும் சரியாகப் படவில்லை. மூன்றாவது சுற்றில் கேன் விட்ட உதையைக் கையில் பிடித்து, அப்படியே தூக்கித் தரையில் போட்டார். நான் சோபாவிலிருந்து எழுந்துவிட்டேன். இங்கானு, மல்யுத்தம்! நான்காவது சுற்றிலும் அதேதான், கீழே தள்ளி மேலே உட்கார்ந்து நேரத்தைத் தின்றார். ஐந்தாவதில் கேன் இவரைத் தள்ளிவிட்டார். ஆனால் அப்படியே அழுத்தி உட்காராமல் காலைத் திருகி முடிக்க ஆசைப்பட்டு இடத்தைக் கோட்டைவிட்டார். இங்கானு மேலே வந்து மணி அடிக்கும்வரை இறங்கவில்லை. பார்க்க அழகான சண்டை இல்லை. நண்பர்கள் வாட்ஸ்அப்பில் "போர் அடிக்குது" என்று போட்டார்கள். மூன்று நடுவர்களும் இங்கானு பக்கம்.

வழக்கமாக டேனா வைட்தான் பெல்ட் கட்டுவார். அன்று அவர் வரவில்லை, வேறொரு அதிகாரி கட்டினார். காரணம், ஒப்பந்தத் தகராறு. யூஎஃப்சி ஒப்பந்தத்தில் சாம்பியனுக்கென்று ஒரு ஷரத்து: பெல்ட் கையில் இருக்கும்போது ஒப்பந்தம் முடிந்தால் அது தானாக நீளும். தோற்றிருந்தால் விடுதலை, வென்றதால் கட்டு. அந்தக் காலோடு அவர் ஜெயித்தது தன் கையிலேயே விலங்கை மாட்டிக்கொள்ளத்தான். அன்றைய சம்பளமாக கலிபோர்னியா ஆணையம் வெளியிட்ட தொகை 6 லட்சம் டாலர். உலக ஹெவிவெயிட் பாக்ஸர்கள் வாங்குவதோடு ஒப்பிட்டால் அது டிப்ஸ். பாக்ஸர்களுக்கு அமெரிக்காவில் 2000-லிருந்து முகமது அலி பெயரில் ஒரு பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எம்எம்ஏவுக்கு அது பொருந்தாது.

புதிய ஒப்பந்தத்துக்குப் பணத்தோடு அவர் கேட்ட மற்றவை: வீரர்களுக்கு மருத்துவக் காப்பீடு, நிர்வாகக் கூட்டத்தில் வீரர்கள் சார்பாகப் பேச ஓர் ஆள், சொந்த விளம்பரதாரர், பாக்ஸிங் ஆட அனுமதி. கிடைக்கவில்லை. அவர் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய ஒப்பந்தத்துக்கு ஐந்து வருட உச்சவரம்பு இருந்தது. அது 2022 டிசம்பரில் முடிகிறது. முப்பத்தாறு வயது, உச்சத்தில் இருக்கும் சாம்பியன், ஒரு வருடம் சும்மா இருந்து தேதியைத் தாண்டவிட்டார். 2023 ஜனவரியில் யூஎஃப்சி பெல்ட்டைப் பறித்துக்கொண்டு அவரை விடுவித்தது.

அன்று அவரை முட்டாள் என்று எழுதியவர்களில் நானும் ஒருவன், இதே தளத்தில். அந்தப் பதிலைப் பிறகு அழித்துவிட்டேன். பாலைவனத்தில் ஆறு முறை இறக்கிவிடப்பட்டவருக்கு ஒரு வருடக் காத்திருப்பு பெரிதாகத் தெரிந்திருக்காது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மே மாதம் பிஎஃப்எல் என்ற போட்டி நிறுவனத்தோடு கையெழுத்திட்டார். தன்னோடு மோதுகிற எதிராளிக்குக் குறைந்தது 20 லட்சம் டாலர் தர வேண்டும் என்று அதில் எழுதி வாங்கினார். தன்னை அடிக்க வருகிறவனுக்குச் சம்பளம் பேசிய ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அக்டோபரில் ரியாத்தில் டைசன் ஃபியூரியோடு பாக்ஸிங். இங்கானுவுக்கு அதுதான் முதல் தொழில்முறை பாக்ஸிங் போட்டியே. மூன்றாவது சுற்றில் ஓர் இடது கொக்கியில் ஃபியூரி, டபிள்யூபிசி சாம்பியன், தரையில் கிடந்தார். கடைசியில் இரண்டு நடுவர்கள் ஃபியூரிக்கும் ஒருவர் இங்கானுவுக்கும் கொடுத்தார்கள். அதோடு நிறுத்திவிட்டு எம்எம்ஏவுக்குத் திரும்பியிருக்கலாம் என்பது என் கருத்து. 2024 மார்ச்சில் பாக்ஸர் ஆன்டனி ஜோஷுவா இரண்டு சுற்றுக்குள் மூன்று முறை விழவைத்து முடித்துவிட்டார். நல்ல காசு, ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை.

சாதனைக் கணக்கில் மியோசிச்தான் பெரியவர் என்று யாராவது கருத்துப் பெட்டியில் வருவீர்கள். ஒத்துக்கொள்கிறேன். மியோசிச் பட்டத்தைத் தொடர்ந்து மூன்று முறை தக்கவைத்தவர், இங்கானு ஒரே ஒரு முறை. கேள்வி யார் பெரியவர் என்பதல்ல, யாரைப் பிடிக்கும் என்பதுதானே?

ஜோஷுவாவிடம் தோற்ற அடுத்த மாதமே அவருடைய மகன் கோபி இறந்துபோனான். பதினைந்து மாதக் குழந்தை. இனி இவர் சண்டைக்கு வரமாட்டார் என்றே நினைத்தேன்.

2024 அக்டோபரில் வந்தார். ரியாத், பிஎஃப்எல் சண்டை, எதிரில் ரெனன் ஃபெரேரா, இவரைவிட உயரமான ஆள். இங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது. வீட்டில் எல்லோரும் தூங்கியிருந்தார்கள், போனில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். நின்று குத்திப் பார்க்கவே இல்லை, சீக்கிரமே ஆளைக் கீழே தள்ளினார். கேனிடம் செய்த அதே மல்யுத்தம். தரையில் வைத்தே முதல் சுற்றில் முடிந்தது. நடுவர் இழுத்துவிட்டதும் கையை உயர்த்தவில்லை, கத்தவில்லை. அப்படியே மண்டியிட்டு அழுதார், அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க. கோபிக்காகத்தான் இந்தச் சண்டையை ஒத்துக்கொண்டேன் என்று மைக்கில் சொன்னார்.

அந்தச் சண்டையின் ரீப்ளேயை மட்டும் நான் இதுவரை பார்க்கவில்லை.