சீல் மாற்றியும் ஆயில் கசிவது ஏன்?

கேள்வி: என்னுடையது பழைய ஆட்டோமேட்டிக் கார். என்ஜினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தில் சிவப்பு நிற ஆயில் சொட்டியதால், கியர்பாக்ஸை இறக்கி முன்பக்க சீலை மாற்றினார்கள். சில மாதங்களிலேயே மறுபடி சொட்டுகிறது. இப்போது புஷ், டார்க் கன்வெர்ட்டர் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். நம்பலாமா?
- வாசகர், கோவை

பதில்: புஷ்ஷைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும், கன்வெர்ட்டரை மட்டும் நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

என்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது டார்க் கன்வெர்ட்டர். அதன் கழுத்து, கியர்பாக்ஸின் ஆயில் பம்பிலுள்ள புஷ் என்ற உலோக வளையத்தில் தாங்கலாகச் சுழல்கிறது. அந்தக் கழுத்தைச் சுற்றித்தான் சீலின் ரப்பர் உதடு படிந்திருக்கிறது. புஷ் தேய்ந்துவிட்டால் கழுத்து ஆட்டம் காணும். எவ்வளவு நல்ல சீலாக இருந்தாலும் அந்த ஆட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் கசியத் தொடங்கும். ஆகவே, சீலுக்காகக் கியர்பாக்ஸை இறக்கியபோதே புஷ்ஷையும் பார்த்திருக்க வேண்டும். செலவில் பெரும்பகுதி இறக்கி ஏற்றும் கூலிதான். புஷ்ஷின் விலை அதற்கு முன்னால் அற்பம்.

கழுத்தில் சீல் படியும் இடத்தை நன்றாகத் துடைத்துவிட்டு நகத்தால் குறுக்கே வருடிப் பாருங்கள். நகம் மாட்டுமளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் கன்வெர்ட்டரை மாற்றவோ பழுதுபார்க்கவோதான் வேண்டும்; வெறும் பளபளப்பான கோடு மட்டும் தெரிந்தால், மெருகிட்டுத் திரும்பப் பொருத்தலாம்.

பலர் கவனிக்காமல் விடுவது வேறொன்று. என்ஜினையும் கியர்பாக்ஸையும் நேர்க்கோட்டில் நிறுத்தும் பின்கள் காணாமல் போயிருந்தாலோ, என்ஜினோடு கன்வெர்ட்டரை இணைக்கும் தகடான ஃப்ளெக்ஸ் பிளேட் வளைந்திருந்தாலோ, புதிய புஷ்ஷும் விரைவில் தேய்ந்துவிடும். ஆயில் தட்டைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் காந்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்: சாம்பல் நிற மெல்லிய பசை இயல்பானது, உலோகச் சில்லுகள் இருந்தால் பழுது சீலோடு நிற்கவில்லை என்று பொருள். கியர்பாக்ஸின் காற்று வெளியேறும் துளையான காற்றுப் போக்கி அடைத்திருந்தாலும் உள்ளழுத்தம் கூடிச் சீல் வழியே ஆயிலைத் தள்ளும். அதைச் சுத்தம் செய்யச் செலவே இல்லை.

வேலை முடிந்ததும், கையேட்டில் குறித்த ரக ஆயிலையே ஊற்றி, அதில் சொன்ன வெப்பநிலையில் அளவு பார்க்கச் சொல்லுங்கள். கழற்றிய புஷ்ஷைக் கேட்டு வாங்குங்கள். அது ஒரு பக்கமாகவே தேய்ந்திருந்தால், அந்தப் பின்களையும் ஃப்ளெக்ஸ் பிளேட்டையும் பார்க்காமல் வண்டியை எடுத்து வராதீர்கள்.